தோலுக்கு மரியாதை, கறிக்கு மட்டும் வெட்கமா?

இந்த முறை சாப்பாட்டைப் பத்தி ஒரு பதிவு. சைவ நண்பர்களும் கடைசி வரைக்கும் படிங்க, விஷயம் சாப்பாடு மட்டும் இல்ல :)

அமெரிக்காவில டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். அங்க ஃபிராங்ளின் பார்பெக்யூன்னு ஒரு கடை. 2009ல ஒரு டிரெய்லர் வண்டியில ஆரம்பிச்சது. மாட்டோட நெஞ்சுக்கறியில உப்பும் மிளகும் தடவி, ஓக் விறகுப் புகையில கிட்டத்தட்ட 12 மணி நேரம் வேகவைக்கிறாங்க. அதுக்குப் பேரு பிரிஸ்கெட். கூடவே உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ். கடை திறக்க பல மணி நேரம் முன்னாடியே ஜனங்க வரிசையில உட்கார்ந்திருப்பாங்க.

இந்த நெஞ்சுக்கறி ஒரு காலத்துல மலிவான கறி. நார் அதிகம், லேசுல வேகாது. விறகு, நேரம், பொறுமை மூணும் சேர்ந்துதான் அதுக்கு மதிப்பைக் கூட்டிச்சு. 2024 நவம்பர்ல டெக்சாஸுக்கு முதல் மிஷெலின் பட்டியல் வந்தப்போ, 4 பார்பெக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் கிடைச்சது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். போன லீவுல பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனம், வேலூர்னு பஸ் மாறி ஆம்பூர் போனோம், நாலு பேர். ஒரு சின்னக் கடை. சீரகச் சம்பா, விறகு அடுப்பு, தம் போட்ட பீஃப் பிரியாணி. கூடவே கத்திரிக்காய், தயிர் வெங்காயம். விரல் பட்டாலே கறி பிரியுது. அருமைங்க! ஆனா சாப்பிட்டு முடிச்சதும் கூட வந்தவன் சொன்ன முதல் வார்த்தை, "ஊர்ல கேட்டா மட்டன்னு சொல்லுடா."

அவனை மட்டும் குறை சொல்ல முடியுமா? 2022 மே மாசம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர்ல பிரியாணித் திருவிழா அறிவிச்சது. அதுல பீஃப் பிரியாணிக்கு இடம் இல்லை. எதிர்ப்பு கிளம்பிச்சு. தமிழ்நாடு ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கலெக்டர்கிட்ட விளக்கம் கேட்டது. கடைசியில மழையைக் காரணம் சொல்லி விழாவையே தள்ளி வச்சாங்க.

காமர்ஸ் படிக்கிறவன், கணக்கு பேசாம இருக்க முடியல. ஆம்பூர் பிழைக்கிறதே தோல் தொழில்ல. தோல் ஷூ கப்பல் ஏறினா அந்நியச் செலாவணி. எருமைக்கறி ஏற்றுமதியில இந்தியா உலக அளவுல முன்வரிசை, அதுவும் வருமானம். மாட்டை ரெண்டு பக்கமும் வரவுல எழுதிக்கிட்டு, உள்ளூர்க்காரன் தட்டுல வந்தா மட்டும் "மனசு புண்படும்"னா எப்படி?

சிலருக்குப் பிடிக்காதுன்னு சொல்லலாம். நியாயம்தான். பிடிக்காதவங்க சாப்பிட வேண்டாம், தனி கவுண்டர் போடுங்க. மட்டன், சிக்கன் கூடத்தான் சைவக்காரங்களுக்குப் பிடிக்காது. அதுக்காக அதை யாரும் எடுக்கலையே! ஒருத்தன் தன் காசுல தன் வீட்ல என்ன சாப்பிடுறான்னு யாரும் கேட்க வேண்டாம். ஆனா அரசு நடத்துற விழா எல்லோரோட வரிப்பணம். அந்தப் பட்டியல்ல ஒரு சாப்பாட்டை விட்டா, அதைச் சாப்பிடுற தலித், முஸ்லிம் மக்களையும் சேர்த்து விட்ட மாதிரிதான்.

நட்சத்திரம் எல்லாம் வேணாம்ங்க. "என்ன சாப்பிட்ட?"ன்னு கேட்டா "பீஃப்"னு சாதாரணமா சொல்ல முடியணும். அவ்ளோதான். நீங்க என்ன நினைக்கிறீங்க?