ஸ்பீக்கர் பெட்டியில் காணாமல் போன எண்

சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். கடைக்காரரும் கூசாமல் ஒரு பெரிய எண்ணைச் சொல்லிவிடுவார். டேப் ரெக்கார்டர் காலத்தில் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் ஆயிரக்கணக்கான வாட்ஸைப் போட்டு விற்ற பழக்கம் இன்னும் நம்மை விட்டபாடில்லை. அந்தக் கணக்குக்குப் பொதுவான அளவுமுறை எதுவுமே கிடையாது. அமெரிக்காவில் இந்தக் கூத்து முற்றியபோது, ஆம்ப்ளிஃபயரின் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே விதி போட்டுவிட்டது.

ஸ்பீக்கருக்குக் கேட்க வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதே அது. இதில் 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட்ஸ் வேண்டும். 10 டெசிபல் குறைந்தால் பத்து மடங்கு. 1970-களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கரைக் கொண்டாடுகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. ஆனால் அதன் சென்சிட்டிவிட்டி 83 டெசிபலைத் தாண்டாது. கிளிப்ஷ் நிறுவனம் தன் ஆர்-51எம் ஸ்பீக்கருக்குச் சொல்லும் கணக்கு 93. அதை நம்பினால், கிளிப்ஷில் 10 வாட்ஸ் தரும் சத்தத்தை எல்.எஸ்.3/5ஏ-வில் கேட்க 100 வாட்ஸ் வேண்டும்.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர்களில் 'பக்கத்துக்கு 50 வாட்ஸ்' என்று போட்டிருக்கும். கூடவே வரும் அடாப்டரைத் திருப்பிப் படித்தால் குட்டு வெளிப்படும். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கினால் 24 வாட்ஸ். அதிலிருந்து தொடர்ந்து 100 வாட்ஸ் எங்கிருந்து வரும்? 12 வோல்ட்டில் ஓடும் அந்த ஆம்ப்ளிஃபயர், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு ஒலி சிதையாமல் பக்கத்துக்கு 9 வாட்ஸுக்கு மேல் தர வழியே இல்லை.

அதனால் அது குப்பை என்று அர்த்தமில்லை. 1978-ல் வந்த என்.ஏ.டி. 3020 ஆம்ப்ளிஃபயர் பக்கத்துக்கு 20 வாட்ஸ்தான். அதைப் போற்றாத ஒலிப் பிரியர் குறைவு. 90 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால், பத்துக்குப் பத்து அறையில் 9 வாட்ஸ் தாராளம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதே ஆம்ப்ளிஃபயரை 83 டெசிபல் ஸ்பீக்கரில் மாட்டினால், பாட்டு வரை ஒப்பேற்றும். தனியாவர்த்தனம் வந்ததும் மிருதங்கத்தின் அடி நசுங்கிவிடும். பலரும் அப்போது வால்யூமை இன்னும் முறுக்குவார்கள். ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

டெசிபலிலும் தில்லுமுல்லு உண்டு. ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளப்பதே இப்போது வழக்கம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் அது ஒரு வாட். 4 ஓம்ஸில் இரண்டு வாட். அதாவது, 4 ஓம்ஸ் ஸ்பீக்கரின் எண்ணில் 3 டெசிபல் இலவசமாகச் சேர்ந்திருக்கும். ஓம்ஸையும் சேர்த்துப் படிக்காவிட்டால் ஏமாற வேண்டியதுதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி மூன்றும் ஒரே ஸ்பீக்கரில் அமையாது, இரண்டைத்தான் பெறலாம். அமெரிக்காவின் கே.எல்.ஹெச். நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்டன் ஹாஃப்மன் வகுத்த இந்தக் கணக்கை இன்றுவரை யாரும் மீறவில்லை. சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டியது பேஸைத்தான். சுவரை ஒட்டி வைத்தால் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். 8 ஓம்ஸ், 88 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கர் என்பது அவருக்கு நல்ல எல்லைக்கோடு.

ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் ஒட்டாமல் விற்க முடியாத நாட்டில், ஸ்பீக்கர் பெட்டியில் டெசிபலையும் ஓம்ஸையும் அளந்த முறையோடு அச்சிட வைப்பது பெரிய காரியமல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, அந்த இரண்டு எண்களையும் சொல்லத் தெரியாத கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.