வர்த்தமானி வரும்வரை காத்திருப்பதா?

திருகோணமலை என்றதும் இந்நாட்டு அரசியல்வாதிகளின் நினைவுக்கு வருவது துறைமுகம். அதனை அடுத்து எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 தாங்கிகளில் எவை எவருக்கு என்று கொழும்பும் புதுடில்லியும் ஆண்டுக்கணக்கிற் பேசின. 2022 ஜனவரியில் 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவருக்கும் கூட்டாக என்று ஒப்பந்தமும் செய்துகொண்டன. இரும்புத் தாங்கிகளுக்கு இத்துணை நுணுக்கமாகக் கணக்கு வைத்திருக்கும் நாட்டில், அத்துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களின் பிள்ளைகளுள் எத்தனை பேர் தாதியர் கல்லூரிக்குத் தகுதி பெறுகின்றனர், எத்தனை பேர் தகுதி பெற்றும் வாசலிலே திரும்புகின்றனர் என்று எவரேனும் கணக்கு வைத்ததுண்டா? இக்கேள்வியை நாம் அமைச்சரிடம் கேட்கவில்லை. நம்மவரிடமே கேட்கின்றோம்.

அல்லைக் குளத்து நீரில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் தம் மகளோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். பெண் உயர்தரத்தில் மூன்று விஞ்ஞானப் பாடங்களிலும் நன்கு சித்தியடைந்தவள். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், பரீட்சைச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து 'க'. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலோ 'கு'. மூலப் பத்திரம் 2006ஆம் ஆண்டு இடப்பெயர்விற் தொலைந்துபோனது. விண்ணப்பத்துக்கென்று புதுப் பிரதி எடுத்தபோதுதான், பதிவேட்டிலேயே பிழை இருந்தது தெரிந்ததாம். "ஐயா, ஒரு சுழிதானே, இதற்காகவா பிள்ளையை விலக்கினார்கள்?" என்று கேட்டார் அவர். நிராகரித்த கடிதத்தின் திகதியைப் பார்த்தோம். நாட்களை எண்ணினோம். நாற்பத்துமூன்று. அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தேன் என்றார்.

அந்த எண்ணிக்கை ஏன் நம் வாயை அடைத்தது என்பதை வாசகர் அறிதல் வேண்டும். அரசாங்க நிருவாகத்தின் செயலால் ஒருவருடைய சமத்துவ உரிமை மீறப்பட்டதாயின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அவர் உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் காரணங்களைக் கேட்டறிய வழியுண்டு. எனினும் தகவல் அலுவலர் தம் முடிவைத் தெரிவிப்பதற்கே 14 வேலை நாட்கள் பெறுகின்றார். அஃது ஏறக்குறைய மூன்று வாரம். பதில் வரட்டும் என்று காத்திருப்பவன் கையில் எஞ்சுவது சில நாட்களே. ஆதலால் கடிதம் கிடைத்த கிழமையே மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறைப்பாட்டைப் பதிந்துவிட வேண்டும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்குள் அவ்வாறு முறையிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது. இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் யார் சொன்னார்கள்? நம் தொழிலாரையும் இக்குற்றத்திலிருந்து விடுவிப்பதற்கில்லை. மேடையேறி உரிமை பேசுவதற்கு நேரமுள்ள நமக்கு, ஒரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்க்க நேரமிருந்ததில்லை.

சுகாதார அமைச்சு மூன்றாண்டுத் தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோருகின்றது. நிபந்தனைகள் அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறுவதுண்டு; உயர்தரப் பரீட்சை முடிந்து நெடுங்காலம் கழிந்த பின்னரும் அறிவித்தல் வருவதுண்டு. வந்தாற் குறித்த சில வாரங்களே அவகாசம். அச்சில வாரங்களில் ஆயத்தமாவது ஆகாத காரியம். அடிப்படை விஞ்ஞானப் பாடங்கள். அவற்றைக் கற்பிக்கும் உயர்தர வகுப்பு இம்மாவட்டத்து ஒவ்வொரு கிராமப் பாடசாலையிலும் இல்லை. எனவே பதினாறு வயதிலேயே பெண் நகரத்துக்கு வந்துபோக வேண்டும், அல்லது உறவினர் வீட்டில் தங்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கு பாதைப் படகே கதியாயிருந்தது. பாலம் வந்த பின்னரும் இன்னல் முற்றாக நீங்கவில்லை: 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியிற் படகுப்பாதை கவிழ்ந்தபோது மாண்டவர்களுள் பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவரும் இருந்தனர். பள்ளிக்கூடம் போவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயிருந்த இடங்களிலிருந்து வரும் பிள்ளைகள், தலைநகரத்துப் பிள்ளைகளோடு ஒரே பரீட்சையில் போட்டியிடுகின்றனர்.

பல்கலைக்கழக வழியும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் தாதியியலிற் பட்டம் வழங்குகின்றன. அனுமதி இசட் புள்ளியின்படி நடைபெறும். இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு; 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகையின்படி; எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அப்பதினாறில் திருகோணமலையும் ஒன்று. அவ்வாறிருந்தும், பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்பத் தெரிவு வரிசையில் தாதியியலை எழுதாமலே விட்ட பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். ஏனென்று கேட்டால், "அப்பா வேண்டாம் என்றார்" என்பதே விடை.

இங்கேதான் நம் சமூகத்தின் நோய் வெளிப்படுகின்றது. டாக்டராக வேண்டும், இன்றேல் ஒன்றுமில்லை என்று தாய் தந்தையர் பிடிவாதம் செய்கின்றனர். முதற்றடவை கிட்டவில்லையா, நகையை அடைவு வைத்துத் தனியார் வகுப்புக்கு அனுப்பி இரண்டாந் தடவை; பின்னர் மூன்றாந் தடவை. மூன்று ஆண்டும் மூன்று போகத்து வருமானமும் கரைந்த பிறகு, போக்கிடமின்றித் தாதியர் கல்லூரி நினைவுக்கு வருகின்றது. இராவேலை, பிறர் உடலைத் தொட்டுத் துடைத்தல், நாளை மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வரோ என்ற அச்சம்! வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் தாதியர் பள்ளியைத் தொடங்கியபோதும் இதே தயக்கம் தமிழ்நாட்டில் நிலவியது. அவர் அதற்காகப் பள்ளியை மூடவில்லை. 1946இல் அங்கே தாதியியற் பட்டப்படிப்பே தொடங்கிற்று. நம் ஊரிலோ இருபத்தோராம் நூற்றாண்டிலும் தாதி என்றால் முகஞ் சுளிக்கின்றோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, 2023இல் உலகுக்கு 58 இலட்சம் தாதியர் குறைவாயிருந்தனர் என்கின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் நாட்டுத் தாதியர் பலர் கடல் கடந்து சென்றதும் யாவரும் அறிந்ததே.

இது வேலைவாய்ப்பைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியபோது, தமிழ் மக்கள் நாடெங்கிலுமிருந்து இத்திருமலைக்கு யாத்திரையாக வந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் இங்கே கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு மொழியுரிமையைத் தன் கோரிக்கையாக்கியது. இன்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் தமிழும் அரசகரும மொழி. ஆனால் நள்ளிரவில், நோயாளர் விடுதியில், நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது என்று மூதூர்க் கிழவி ஒருத்தி சொல்ல, அருகில் நிற்பவருக்கு அது விளங்காவிடின், 18ஆம் உறுப்புரை அவளுக்கு யாது பயன் தரும்? மொழிபெயர்ப்பாளரைத் தேடி விடியும்வரை அவளால் காத்திருக்க முடியாது. அக்கட்டிலருகே தமிழ் பேசும் தாதி ஒருத்தி நிற்க வேண்டுமாயின், அவள் பத்தாண்டுக்கு முன்பே நம் கிராமத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்து, இரணவைத்தியம் முதலிய நூல்களையும் தமிழிலாக்கித் தந்தார். அந்நியர் ஒருவர் உணர்ந்த அவசியத்தை நாம் உணராதிருப்பது வெட்கக்கேடு.

ஆகவே கமக்காரர் அமைப்புகளையும் கோயில், பள்ளிவாசல் நிருவாகத்தினரையும் கேட்டுக்கொள்கின்றோம். வர்த்தமானியை ஒருவர் கிழமைதோறும் பார்த்து அறிவித்தற் பலகையில் ஒட்டட்டும். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரும் தாதியரும் நம்மிடையே உளர்; ஞாயிறு காலைகளில் இரண்டு மணி நேரம் கேட்டால் மறுப்பவர் சிலரே. ஆங்கிலத்தை மறவாதீர்கள். தாதியியல் நூல்களிற் பெரும்பாலானவை அம்மொழியிலேயே இருக்கின்றன. முதலாண்டிற் பிள்ளைகளை அழவைப்பது அதுவே. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழையிருப்பின் பிரதேச செயலகத்துப் பதிவாளரிடம் இன்றே திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். இறுதித் திகதிக்கு முதல்நாள் சத்தியக் கடதாசியோடு சமாதான நீதவானைத் தேடி ஓடாதீர்கள். இவ்வேலைக்கு நம்மிடம் வருவோரிடம் கட்டணம் பெறுவதில்லை என்பதையும் சொல்லி வைக்கின்றோம்.

அக்கமக்காரருக்கு இளைய மகளும் ஒருத்தி இருக்கின்றாள், பத்தாம் வகுப்பு. அவளுடைய பத்திரத்தையும் கொண்டுவருமாறு கூறினோம். மறுகிழமை கொண்டுவந்தார். அதிலும் 'கு' என்றே இருந்தது. திருத்தத்துக்கான விண்ணப்பத்தை அன்றே எழுதிக் கையொப்பம் வாங்கினோம்.