பெயரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

கட்டடக்கலை படித்துவிட்டுக் கணினித் திரைக்கும் புள்ளிவிவர வரைபடத்துக்கும் போகிறவர்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் நடமாடுகின்றன. ஒன்று துரோகம் என்கிற புலம்பல். மற்றது விடுதலை என்கிற கும்மாளம். நானும் அப்படிப் போனவன்தான். இரண்டுமே எனக்கு அபத்தமாகப் படுகின்றன. போகிறவன் எதைக் கொண்டுபோகிறான், எதை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறான் என்பதுதான் கேள்வி.

பெயர் முதலில் போயிற்று. லூயி கானிடம் பயின்ற ரிச்சர்ட் ஸால் வர்மன், 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களின் மாநாட்டுக்குத் ‘தகவலின் கட்டடக்கலை’ என்று தலைப்பு வைத்தார். இன்று மென்பொருள் கம்பெனிகளில் ‘ஆர்க்கிடெக்ட்’ பட்டம் சல்லிசாகக் கிடைக்கிறது.

பிறகு முறையும் போயிற்று. கிறிஸ்டோஃபர் அலெக்ஸாண்டர் சகாக்களுடன் 1977இல் வெளியிட்ட ‘எ பாட்டர்ன் லாங்வேஜ்’, நகரத்திலிருந்து ஜன்னலோர இருக்கை வரை 253 வடிவங்களைத் தொகுத்தது. நிரல் எழுதுகிறவர்கள் அந்த முறையைச் சுவீகரித்துக்கொண்டார்கள். 1996இல் ஸான் ஹோஸேயில் அவரையே பேச அழைத்தார்கள். உங்கள் வேலையால் மனித வாழ்க்கை மேம்படுகிறதா என்று அவர் கேட்டார். கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

வாசலில் விடப்பட்டது மனை. கட்டடம் வரைகிறவன் மண்ணைத் தோண்டிப் பார்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டு வெளிச்சத்தை மறைத்தால் அந்த வீட்டுக்காரன் வந்து நிற்பான். வரைபடக்காரனிடம் யாரும் வந்து நிற்பதில்லை. பட்டை வரைபடத்தின் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் பாதியில் வெட்டினால் சின்ன வித்தியாசம் மலையாகிவிடும். எந்தச் சுவரும் இடிந்து விழாது. இந்த எண்களை எண்ணியது யார், எதற்காக என்று கேட்காமல் வண்ணம் பூசுவது வெறும் ஜோடனை.

மனையை விடாமல் போனவர்களும் உண்டு. கட்டடக்கலை பயின்ற லாரா குர்கன், 2006இல் கொலம்பியா பல்கலைக்கழகச் சகாக்களுடன் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியை வரைபடமாக்கினார். போலீஸ் வரைபடம் குற்றம் நடந்த இடத்தைக் காட்டும். இவர்களுடையது சிறைக்குப் போனவர்களின் வீடுகளைக் காட்டியது. நான்கு தெருக்களுக்கு நடுவிலுள்ள ஒரே ஒரு குடியிருப்புத் தொகுதியிலிருந்து போனவர்களைச் சிறையில் வைத்திருக்க, ஒரே வருஷத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. அப்படிப் பல தொகுதிகள். அந்தப் பணம் அந்தத் தெருவுக்கே வந்திருந்தால் என்ற கேள்வியிலிருந்து பார்க்கிறவன் தப்ப முடியாது.

இப்படி வரைகிறவரைக் கட்டடக் கலைஞர் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை. மற்றவர்கள் அந்தப் பெயரைத் திருப்பித் தந்துவிடலாம்.