பாஸ்புக் அவனுடையது, கேஷ்புக் நம்முடையது

டிசம்பர் வந்தால் போதும், கிளாஸில் பாதிப் பேர் ஸ்டேட்டஸில் கலர் கலராகக் கட்டம். ஸ்பாட்டிஃபை ராப்டு! "இத்தனை ஆயிரம் நிமிஷம் பாட்டு கேட்டேன்" என்று ஆளாளுக்குப் பெருமை. பெருமைப்படுங்க மக்களே, தப்பில்லை. ஆனால் கேட்டது நீங்க. அந்தக் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறை, அவன் இஷ்டப்பட்ட டிசைனில், வருஷக் கடைசியை விட்டுவிட்டுக் காட்டுகிறான். இதற்கு இவ்வளவு நன்றியா?

காமர்ஸ் மக்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் எதுக்குப் போடுகிறோம்? பாங்க் நம் கணக்கை எழுதத்தான் செய்கிறது. இருந்தாலும் நாம் தனியாக ஒரு கேஷ்புக் வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் எங்கே என்று தெரியும். பாட்டு விஷயத்தில் மட்டும் கேஷ்புக்கே கிடையாது. வெறும் பாஸ்புக், அதுவும் அவன் பீரோவில்!

கொஞ்சம் வரலாறு. கேட்ட பாட்டையெல்லாம் தானாகக் குறித்துவைக்கும் "ஸ்க்ராப்ளிங்", இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ் செய்த ஆடியோஸ்க்ராப்ளர் ப்ராஜெக்டில் பிறந்தது. பிறகு அது லாஸ்ட்.எஃப்எம்மோடு இணைந்தது. 2007-ல் சிபிஎஸ் அதை 280 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அந்த விலையில் லட்சக்கணக்கானவர்கள் எழுதிக்கொடுத்த கணக்கும் அடக்கம். எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது? 2012-ல் பாஸ்வேர்டு திருட்டு! தளம் இன்றும் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

எல்லாமும் அப்படி ஓடுவதில்லை. ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31-ல் இந்தியாவில் நின்றது. அதே வருஷம் ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் அறிவித்தது. கடை மூடினால் லெட்ஜரும் அவனோடு போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன், கணக்கை நம் மெஷினில் எழுதுவோம். மலோஜா என்று ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பையோ போதும். பிரவுசரில் வெப் ஸ்க்ராப்ளர் எக்ஸ்டென்ஷன் போட்டால் கேட்பதெல்லாம் அங்கே போய் ஏறும். பரிந்துரை, ரேடியோ என்று எந்த அலப்பறையும் இல்லை. எனக்குப் பிடித்தது, பெயர்களைத் திருத்த நாமே விதி எழுதலாம். ஆங்கிலத்தில் இளையராஜா பெயரை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதுகிறார்கள். ஒரே மனிதர் மூன்று கலைஞர்களாகப் பிரிந்து நிற்பார். நம் சர்வரில் ஒரே வரியில் சேர்த்துவிடலாம். பாட்டை இசையமைப்பாளர் கணக்கில் எழுதுவதா, பாடகர் கணக்கில் எழுதுவதா என்பதையும் நாமே முடிவு செய்யலாம்.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே சோகப் பாட்டை பதினைந்து தடவை கேட்ட கணக்கை ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா? யோசிக்கிறீங்கல்ல? அதுதான் பதில்.

"சர்வரெல்லாம் கஷ்டம்" என்பது நியாயமான கேள்வி. டிஸ்க் செத்தால் பழி நம் தலையில்தான், பேக்கப்பும் நாம்தான் எடுக்கணும். முடியாதவர்களுக்கு மெட்டாபிரெய்ன்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் லிசன்பிரெய்ன்ஸ் இருக்கிறது. ஆனால் அங்கே நீங்க கேட்பது ஊருக்கே தெரியும்.

அதுவும் வேண்டாமா? குறைந்தபட்சம் ஒன்று செய்யுங்க. ஸ்பாட்டிஃபை அக்கவுண்ட் பிரைவசி பக்கத்தில் உங்கள் முழு ஸ்ட்ரீமிங் வரலாற்றைக் கேட்டு விண்ணப்பியுங்க. முப்பது நாள் வரை ஆகலாம். வந்த ஃபைலை பத்திரமாக வைங்க, நாளைக்கு மனசு மாறினால் மலோஜாவில் அப்படியே ஏற்றலாம்.

டிஸ்கி: கேஷ்புக் எழுதாதவன் பாலன்ஸ் சரியில்லை என்று சண்டை போடக்கூடாது. இது பாட்டுக்கும் பொருந்தும் :-)