ஈஞ்சம்பாக்கத்து ராமானுஜம்

'குட் வில் ஹண்டிங்' 1997இல் வந்த படம். கல்லூரி விடுதிகளில் பிள்ளைகள் அதை இன்றும் பார்க்கிறார்கள். பாஸ்டன் அருகே ஒரு பல்கலைக்கழகத்தின் தரையைத் துடைக்கும் இளைஞன், பேராசிரியர் பலகையில் எழுதிப்போட்ட கடினமான கணக்குக்கு யாருக்கும் தெரியாமல் விடை எழுதிவிட்டுப் போகிறான். சிறுவயதில் அடியும் உதையும் வாங்கியவன், யாரையும் பக்கத்தில் அண்டவிடாதவன். ராபின் வில்லியம்ஸ் நடித்த உளவியல் ஆசிரியர் அவனைப் பொறுமையாகப் பேசவைத்து மீட்டெடுக்கிறார். படத்தில் கணக்கு எழுதிப்போட்ட அந்தப் பேராசிரியர் நம் கணிதமேதை ராமானுஜனை உதாரணம் காட்டிப் பேசும் இடம் ஒன்று உண்டு. நமக்கோ அந்த இடத்தில் இன்னொரு ராமானுஜத்தின் நினைவு வருகிறது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் வாழ்ந்து, முப்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்ட ஓவியர் கே. ராமானுஜம்.

படிப்பு ஏறவில்லை, பேச்சும் சரளமாக வரவில்லை. ஊரும் உறவும் உதவாக்கரை என்று ஒதுக்கிவிடக்கூடிய பிள்ளை. அவர் கையில் இருந்ததைக் கண்டுகொண்டவர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னை கலைப் பள்ளிக்கு 1957இல் முதல்வராகப் பொறுப்பேற்று, பத்தாண்டுகள் அதை நடத்தியவர். மதிப்பெண்ணையும் வாய்ச்சாதுரியத்தையும் பார்த்து ஆளை எடைபோடும் ஆசிரியராக அவர் இருந்திருந்தால் இன்று ராமானுஜம் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

பணிக்கர் அத்தோடு நிற்கவில்லை. கலைப் பள்ளியில் படித்து வெளியே வரும் பிள்ளைகள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்ற கேள்வி அவரை வாட்டியது. படம் வாங்க அன்று சென்னையில் ஆளில்லை. ஏதாவது ஒரு வேலையில் போய் ஒடுங்கிவிட்டால் தூரிகை காய்ந்துவிடும். ஆசிரியரும் மாணவர்களுமாகச் சேர்ந்து பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் மணற்பாங்கான நிலத்தை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டல் ஓவியர் கிராமம் உருவானது. அரசு மானியமோ பெருமுதலாளியின் கொடையோ இன்றி, கைவேலையால் எழுந்த ஊர் அது. கொஞ்ச நேரம் வயிற்றுக்கான தொழில், மீதி நேரம் தன் கலை என்பது ஏற்பாடு. ரெட்டப்ப நாயுடு, ஜானகிராம், வாசுதேவ், ஹரிதாசன், நந்தகோபால் எனப் பலர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களோடு ராமானுஜமும் இருந்தார். தனியாக விட்டால் உலகம் தின்றுவிடும் என்ற நிலையில் இருந்த ஒருவருக்கு, அவர் போக்கைச் சகித்துக்கொள்ளும் அண்டைவீடுகள் கிடைத்தன. பணிக்கரின் படங்களைக் காட்டிலும் இதையே அவருடைய பெரிய சாதனை என்று நாம் கருதுகிறோம்.

ராமானுஜத்தின் கோட்டோவியங்களை நின்று பார்க்க வேண்டும், கடந்துபோகிறபோது பார்த்தால் பிடிபடாது. பேனாவும் மையும்தான் பெரும்பாலும். கோபுரத்தின் மேல் கோபுரம், மாடத்துக்குள் மாடம், சுருண்டு கிடக்கும் பாம்புகள், இறக்கை முளைத்த விலங்குகள், அலங்காரப் பெண்கள். காகிதத்தில் ஊசிமுனை இடமும் விடாமல் கோடு கோடாக இழைத்திருக்கிறார். கோயில் பிரகாரமும் பழைய சென்னையின் குவிமாடக் கட்டடங்களும் அம்மன் தேரும் நம் பழைய புராணப் படங்களின் அரண்மனை செட்டும் அந்த உலகத்தில் ஒன்றாகக் கலந்து கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அந்த மாளிகைகளின் நடுவே தொப்பி போட்ட ஒரு ஆள் அடிக்கடி வருவார். அது அவரேதான். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர் அங்கே விருந்தாளி, ராஜா, மணமகன்.

1973இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நெடுநாள் மனநோயோடு போராடியவர். நான்கு ஆண்டுகளுக்குள் பணிக்கரும் மறைந்தார்.

இந்த இடத்தில் நம் இலக்கியச் சூழல் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றைக் கண்டித்தே ஆகவேண்டும். நோயும் மேதைமையும் இரட்டைப் பிள்ளைகள் என்று எழுதுவது, இளம் மரணத்துக்கு மாலை போடுவது, பைத்தியத்தைப் பட்டமாகச் சூட்டுவது. ராமானுஜம் வரைந்தது நோயினால் அல்ல. ஆயிரக்கணக்கான கோடுகளைக் கை நடுங்காமல் போட்ட உழைப்பினால். நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மிச்ச ஆயுளை. இன்று உயிரோடிருந்தால் எண்பதைத் தாண்டிய பெரியவராக, அந்தக் கிராமத்துத் திண்ணையில் இளையவர்களுக்குப் படம் காட்டிக்கொண்டிருக்கலாம்.

திரைப்படத்தில் உளவியல் ஆசிரியர் 'உன் தப்பு இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்ல, இளைஞன் உடைந்து அழுகிறான், பிறகு காரை எடுத்துக்கொண்டு புது வாழ்க்கைக்குப் போகிறான். அழகான காட்சிதான். ஆனால் ஆசிரியரின் அன்பு மருந்தாகிவிடும் என்ற நம்பிக்கையை அது விதைக்கிறது. பணிக்கர் அன்பு காட்டினார், இடம் கொடுத்தார், வேலை கொடுத்தார், சுற்றம் கொடுத்தார். ஒரு ஆசிரியரால் ஆகக்கூடியது எல்லாம் அது. அதற்கு மேல் தேவைப்பட்டது தொடர்ந்த சிகிச்சையும், வீட்டுக்கு வந்து விசாரிக்கும் கவனிப்பும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அன்றும் இருந்தது. அதன் மதிலுக்கு வெளியே கவனிப்பு என்பது மிகச் சொற்பம். டாக்டர் சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு வந்தது 1984இல். பான்யன் என்ற இன்னொரு மனநல அமைப்பு தொடங்கியது 1993இல். ராமானுஜம் வாழ்ந்த அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கொஞ்சம் தெற்கே கோவளத்தில், இப்போது பான்யனின் பணி நடக்கிறது. ராமானுஜத்துக்கு ஒன்று பதினோரு ஆண்டு, மற்றது இருபது ஆண்டு தாமதம்.

இந்தச் சாலையில் இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. பணிக்கர் முதல்வரான அதே 1957இல் பிறந்ததுதான் அதுவும். அங்கே உளி பிடிக்கும் பிள்ளைகளிலும், செங்கற்பட்டுக் கல்லூரிகளின் கடைசி பெஞ்சிலும் பேச்சு வராத, ஆனால் கை பேசுகிற யாராவது இருப்பார்கள். ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள்: அந்தப் பிள்ளையைக் கண்டுகொள்ளுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, கூட்டத்திலிருந்து விலகிப்போனால் 'கலைஞன் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் இலவச எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வாசகர்களுக்கும் ஒன்று. தமிழ்ச் சிற்றிதழ்கள் ஆதிமூலம் முதலான கலைப் பள்ளி ஓவியர்களின் கோடுகளை அட்டையில் ஏந்தி வளர்ந்தவை. அதே பள்ளியின் ராமானுஜத்தைப் பற்றித் தமிழில் நம் கண்ணில் பட்டவை மிகக் குறைவு. அவரை நேரில் அறிந்தவர்கள் எழுதுங்கள். நீளம் பார்க்காமல் வெளியிடுகிறோம்.