மலையைக் குடையவில்லை... பிஹெச்.டி மட்டும் எப்படி முடிந்தது?

வீட்டில் ஒருவர் பிஹெச்.டி சேர்ந்துவிட்டால் போதும். காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே போனாலும் ஒரே விசாரிப்புதான்: 'இன்னுமா முடிக்கல?' பி.எஸ்ஸி மூன்று வருடம், எம்.எஸ்ஸி இரண்டு வருடம் என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். அறிவியலில் பிஹெச்.டி-க்கு அப்படிச் சொல்ல முடிவதில்லை. அப்படியென்றால், எதை வைத்து அது 'முடிந்தது' என்கிறார்கள்?

இதற்குத் தேனி மாவட்டத்திலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது.

பொட்டிப்புரம் சொல்லும் பாடம்

போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலைக்குள் சுரங்கம் குடைந்து, 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவியை வைப்பது திட்டம். தண்ணீருக்கும் காட்டுக்கும் என்ன ஆகுமோ என்று ஊர் மக்கள் எதிர்த்தார்கள். வழக்குகள் நடந்தன. 2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. சுரங்கம் வரவில்லை.

ஆனால், இந்தத் திட்டத்துக்கான முனைவர் பட்டப் பயிற்சி 2008-லேயே தொடங்கிவிட்டது. அதில் சேர்ந்தவர்கள் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் வழியே பட்டமும் பெற்றார்கள். கருவியே இல்லாமல் எப்படி?

சிலர், அந்தக் கருவி எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்பதைக் கணினியில் உருவகப்படுத்திக் கணக்கிட்டார்கள். சிலர், அதற்குள் அடுக்க வேண்டிய துகள் உணர்விகளைச் செய்து சோதித்தார்கள். மதுரையில் 85 டன்னில் ஒரு சிறிய மாதிரி அமைக்கப்பட்டது. வானிலிருந்து விழும் மியூவான் துகள்களைத் தடுக்கத்தான் மலையே தேவைப்பட்டது. மதுரையில் அந்த மியூவான்களையே ஆய்வுப் பொருளாக்கிவிட்டார்கள். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வருகிறது என்று 12 அடுக்கு உணர்விகளை வைத்து அளந்து, கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

பாடம் இதுதான். பட்டம் கொடுப்பது திட்டத்தின் வெற்றிக்கு அல்ல. மாணவர் எடுத்துக்கொண்ட கேள்விக்கு, யாரும் அதுவரை சொல்லாத ஒரு பதிலை ஆதாரத்தோடு சொன்னதற்கு. 'எதிர்பார்த்தது வரவில்லை' என்பதும் ஒழுங்காக நிரூபித்தால் பதில்தான். ஒரு கருவி வந்தால்தான் முடியும், ஒரு அனுமதி கிடைத்தால்தான் முடியும் என்கிற தலைப்பை எடுப்பவர்கள், அது வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் வருடமே நெறியாளரிடம் பேசிவிட வேண்டும்.

தாண்ட வேண்டிய படிகள்

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022 விதிகள்படி, எந்தப் பல்கலைக்கழகமானாலும் அடிப்படை இதுதான்:

1. குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள். ஆய்வு நெறிமுறை பற்றிய பாடமும் இதில் உண்டு. 55 சதவிகித மதிப்பெண் அவசியம்.

2. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னால் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும்.

3. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன், குழுவின் முன் ஒரு விளக்கக் கூட்டம். மற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் வந்து கேள்வி கேட்கலாம்.

4. நெறியாளரோடு, வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிடுவார்கள். அவர்கள் திருப்தியானால் வைவா.

ஆய்வேட்டைக் கொடுத்த ஆறு மாதத்துக்குள் இந்த மதிப்பீடு முடிய வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிகளில் இல்லை. ஆனாலும், பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதைக் கேட்கலாம். சேரும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குக் கூடுதல் காலம்

குறைந்தபட்சம் மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருடம் கிடைக்கலாம். பெண்களுக்கும், 40 சதவிகிதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு; ஆக மொத்தம் பத்து வருடம். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு.

கம்பத்திலோ சின்னமனூரிலோ, குழந்தை பிறந்ததும் 'இனி எங்கே போய் முடிக்க' என்று ஆய்வு நோட்டைப் பரணில் போட்ட பெண்கள், சேர்ந்த தேதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கதவு இன்னும் திறந்திருக்கலாம். ஆனால், இவை தானாக வந்து சேராது. எழுதிக் கேட்டு, எழுத்தில் ஆணை வாங்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் படிக்கலாம். அதற்கு நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்.

எங்கே ஏமாறுகிறார்கள்?

'வீட்டிலிருந்தே ஆன்லைன் பிஹெச்.டி' என்று யார் கூப்பிட்டாலும் நம்ப வேண்டாம். தொலைதூர, ஆன்லைன் முறையில் பிஹெச்.டி-க்கு அனுமதி இல்லை.

'பணம் கட்டுங்கள், ஆய்வேடு எழுதித் தருகிறோம்' என்பது பெரிய பொறி. 2018 விதிகள்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவிகிதத்தைத் தாண்டினாலே திருத்தி எழுத வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வருடங்களும் போகும், பேரும் போகும்.

நெறியாளரின் ஓய்வு தேதியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது என்பதே விதி.

தலைப்பு முடிவாகும் முன் 'ஷோத்கங்கா' இணையதளத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். ஏலக்காயோ திராட்சையோ, நம் பள்ளத்தாக்கு விளைச்சலைப் பற்றி ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள், எது மிச்சமிருக்கிறது என்பது அங்கே தெரியும்.

வீட்டிலிருப்பவர்களும் ஒரு சின்ன உதவி செய்யலாம். 'எப்போ முடிப்பே?' என்பதற்குப் பதிலாக, 'இந்த செமஸ்டர் கமிட்டி எப்போ? அன்னிக்குக் குழந்தையை நாங்க பார்த்துக்கறோம்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு நாள், பல மாதங்களை மிச்சப்படுத்தும்.