கண்ணுக்குத் தெளிவு, படத்தில் மங்கல்



நம் இல்லங்கள் பலவற்றில், பீரோவின் மேல்தட்டில், பழைய தோலுறைக்குள் ஒரு காமிரா உறங்கிக் கொண்டிருக்கும். தந்தையோ, தாய்மாமனோ, தாத்தாவோ பயன்படுத்திய பிலிம் காமிரா அது. பிலிம் கிடைப்பதும், அதைக் கழுவித் தருவோரும் அரிதாகிவிட்ட இந்நாளில் அதன் உடற்பகுதி ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் முன்னால் பொருந்தியிருக்கும் லென்ஸ் அவ்வாறன்று. பூஞ்சை பிடிக்காமல் காக்கப்பட்டிருந்தால், நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அது நன்றாகவே உழைக்கும். தக்க இணைப்பு வளையம் ஒன்றின் துணையால் அதை இன்றைய டிஜிட்டல் காமிராவில் மாட்டலாம். நம் இளைஞர் சிலர் அவ்வாறு செய்து மகிழ்கின்றனர். பின்னர் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “சாமி, பார்க்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. எடுத்த பின் பார்த்தால் மங்கலாக இருக்கிறதே, ஏன்?”

இக்கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அதே தவற்றைச் செய்து, திரும்பப் பெற முடியாத ஒன்றை இழந்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பங்கில் முதிய தம்பதியர் தம் திருமணத்தின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடினர். விருந்து முடிந்து உறவினர் கலைந்தபின், பாட்டி மட்டும் திண்ணையில் சற்றே சாய்ந்து அமர்ந்திருந்தார். மாலை வெயில் அவர் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தது. என் கையில் பழைய 50 மி.மீ. லென்ஸ் மாட்டிய டிஜிட்டல் காமிரா இருந்தது. “பாட்டி, இப்படியே இருங்கள்” என்றேன். “இந்தக் கிழவியைப் படம் எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், சாமி?” என்று சிரித்தார். அச்சிரிப்பை எடுத்துவிட்டேன் என்றே வீடு திரும்பினேன். மூன்று மாதங்களில் அவர் காலமானார். வீட்டில் மாட்டி வைக்கப் படம் வேண்டுமென்று அவருடைய மகன் வந்தபோதுதான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதின் தோடு கல்லுக்குக் கல் தெளிவாக இருந்தது. கண்களோ பனிமூட்டத்தில் கிடந்தன. அச்சிரிப்புக்கு வேறு படம் இல்லை.

காரணம் என்ன? லென்ஸ் பழையது என்பதா? இல்லை. தோட்டை அவ்வளவு தெளிவாகக் காட்டிய லென்ஸைக் குறை கூற இயலாது. தவறு குவியத்தில், அதாவது ஃபோகஸில் இருந்தது. நான் பிலிம் காமிராவில் பழகியவன். அந்தப் பழக்கமே என்னை ஏமாற்றிவிட்டது.

அக்காலக் காமிராவின் பார்வைச் சாளரத்தை நினைவுகூருங்கள். உள்ளே மங்கிய கண்ணாடித் திரை ஒன்று இருக்கும். பல காமிராக்களில் அதன் நடுவே ஒரு சிறு வட்டம் இரு பாதிகளாகப் பிளந்திருக்கும். குவியம் தவறினால் தூணும் கதவும் நடுவில் ஒடிந்தாற்போல் தெரியும். சரியானால் இரு பாதிகளும் ஒட்டிக்கொள்ளும். வேறு சிலவற்றில் நுண்ணிய முப்பட்டகங்கள் நிறைந்த வளையம் இருக்கும். குவியம் தவறினால் அது மினுமினுக்கும். எனவே கண் தானே தீர்ப்புக் கூற வேண்டியதில்லை; திரையே சாட்சி சொல்லும்.

1985-ஆம் ஆண்டில் மினோல்டா 7000 என்னும் காமிரா வெளிவந்து பெரும் வெற்றி கண்டது. குவியத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு அதன் உடலுக்குள்ளேயே இருந்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. குவியத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றபின் பிளந்த வட்டம் எதற்கு? அது பெரும்பாலான காமிராக்களிலிருந்து மறைந்தது. திரையும் மங்கல் குறைந்து பிரகாசமாயிற்று. பார்ப்பதற்கு இனிமைதான், ஆனால் அதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. லென்ஸின் துவாரம் எஃப் 2 அளவுக்குத் திறந்திருந்தாலும், இத்தகைய திரை ஏறத்தாழ எஃப் 2.8 அல்லது அதற்கும் சிறிய துவாரத்தில் எடுத்ததைப் போன்ற தெளிவையே நமக்குக் காட்டும். படத்தில் மங்கலாக விழப்போகும் பகுதியும் திரையில் தெளிவாகத் தோன்றும். கண் திருப்தியடையும், விரல் பொத்தானை அழுத்தும்.

அத்தெளிவு எவ்வளவு மெல்லியது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். பிலிமின் அளவேயுள்ள, அதாவது 36 x 24 மி.மீ. சென்சார் கொண்ட காமிராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் வழக்கமான கணக்கின்படி 5 செ.மீ.க்கும் குறைவு. கண்ணுக்கு முன்னே இரண்டு செ.மீ., பின்னே இரண்டு செ.மீ. சற்று மிகுதி, அவ்வளவே. அக்கணக்கும் அளவான அச்சுப் படத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. முன்பு நாம் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுப் பார்த்தோம். சிறு பிழைகள் மறைந்து போயின. இன்றோ படத்தைக் கணினித் திரையில் விரித்துக் கண்ணிமையின் மயிரை எண்ணுகிறோம். பிழை எங்கே மறையும்?

இனி வழியைப் பார்ப்போம்.

முதலாவது, உங்கள் கண்ணைச் சரிசெய்யுங்கள். பார்வைச் சாளரத்தின் அருகே சிறு சக்கரம் ஒன்று இருக்கும். நாற்பதைக் கடந்தோர் அனைவரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தை நோக்காமல், சாளரத்தினுள் தெரியும் எழுத்துகளையும் கோடுகளையும் நோக்கி, அவை கூர்மையாகும்வரை அச்சக்கரத்தைத் திருப்புங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியுடனேயே இதைச் செய்க. என் பேரப்பிள்ளை வயதுச் சிறுவன் ஒருவன் என் காமிராவை வாங்கிப் பார்த்து அச்சக்கரத்தை மாற்றிவிட்டதை நான் பல வாரங்கள் அறியாதிருந்தேன்.

இரண்டாவது, இதுவே தலையாயது: சென்சாரின் வாயிலாகப் பாருங்கள். காமிராவின் பின்புறத் திரையில் நேரடிக் காட்சியை வரவழைத்து, உருப்பெருக்கும் பொத்தானை அழுத்தி, ஐந்து மடங்கோ பத்து மடங்கோ பெரிதாக்குங்கள். கண்ணின் கருமணியை அச்சதுரத்துள் கொண்டுவந்து லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். தெளிவு வந்தவுடன் நின்றுவிடாதீர்கள். சற்றே தாண்டிச் சென்று, மங்கத் தொடங்கியதும் திரும்பி வாருங்கள். இருபுறமும் மங்கல் எங்கே தொடங்குகிறது என்று அறிந்தவனுக்கே நடு எங்கே என்பது விளங்கும். படம் விழும் இடமும் நாம் பார்க்கும் இடமும் ஒன்றாக இருப்பதால் இம்முறையில் ஏமாற்றத்திற்கு இடம் மிகக் குறைவு. கண்ணாடி இல்லாத காமிராக்களில் பார்வைச் சாளரத்தினுள்ளேயே இவ்வாறு பெரிதாக்கிக் காணலாம். 2008-இல் பானசோனிக் ஜி 1 இவ்வகையில் வழி காட்டியது. பழைய லென்ஸ்களுக்கு இவை மிகவும் உகந்தவை. பென்டாக்ஸ் கே வகை லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். சோனியின் ஈ வகைக் காமிராவில் அத்தூரம் 18 மி.மீ. மட்டுமே. மீதியிடத்தை இணைப்பு வளையம் நிரப்பிவிடுகிறது.

மூன்றாவது, நிறக்கோடுகளை அளவோடு நம்புங்கள். தெளிவான விளிம்புகளைச் சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் காட்டும் வசதி பல காமிராக்களில் உண்டு. அது ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பைக் காட்டுகிறதேயன்றி, நுண்ணிய குவியத்தை அளப்பதில்லை. காதுத் தோடும் சேலைச் சரிகையும் கண்ணைக் காட்டிலும் எளிதில் நிறம் பெற்றுவிடும். ஏறத்தாழ எங்கே என்று கண்டுகொள்ள அதைப் பயன்படுத்துங்கள். முடிவை உருப்பெருக்கத்திடம் விடுங்கள். கண்ணாடியுள்ள காமிராக்களில் மூலையில் ஒளிரும் பச்சைப் புள்ளிக்கும் இதுவே விதி. வளையத்தைச் சிறிது தூரம் திருப்பினாலும் அது அணையாமல் நிற்பதைக் காண்பீர்கள். அது தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவே நிறுத்துவது நன்று.

நான்காவது, குவியம் பார்த்தபின் காமிராவைத் திருப்பாதீர்கள். என் படத்தைக் கெடுத்தது இதுவே. பாட்டியின் கண்ணை நடுவில் வைத்துக் குவியம் பார்த்தேன். பின்னர் அழகுக்காகக் காமிராவைத் திருப்பி அவர் முகத்தை ஓரமாக அமைத்தேன். தெளிவு விழும் தளம் காமிராவுடன் சேர்ந்து திரும்பும் என்பதை மறந்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் 15 பாகை திருப்பினால் கண் அத்தளத்திலிருந்து 3 செ.மீ.க்கு மேல் முன்னால் வந்துவிடும். கைவசம் இருந்ததோ இரண்டு செ.மீ. தெளிவு பின்னே சென்று தோட்டில் அமர்ந்தது. எனவே முதலில் படத்தை அமையுங்கள். பின்னர் உருப்பெருக்கும் சதுரத்தைக் கண்ணிருக்கும் ஓரத்துக்கு நகர்த்துங்கள். அங்கேயே குவியம் பாருங்கள்.

ஐந்தாவது, எந்தத் துவாரத்தில் எடுக்கப் போகிறீர்களோ அதே துவாரத்தில் இறுதியாக ஒருமுறை சரிபாருங்கள். ஒளி மிகுதியாக வாங்கும் பழைய லென்ஸ்கள் சிலவற்றில், துவாரத்தைச் சுருக்கும்போது குவியம் சற்று நகர்ந்துவிடும். திறந்து வைத்துப் பார்த்துச் சுருக்கி எடுப்பவர் காரணம் தெரியாமல் திகைப்பர். தொலைதூரக் காட்சிக்கு லென்ஸின் மேலுள்ள முடிவிலிக் குறியையும் நம்ப வேண்டாம். இணைப்பு வளையங்கள் பல சற்றுக் குட்டையாகவே செய்யப்படுகின்றன. அதனால் லென்ஸ் அக்குறியை எட்டுமுன்பே மலை தெளிந்துவிடும்.

ஆறாவது, உங்கள் உடலை மறவாதீர்கள். குவியம் பார்த்தபின் ஒரு மூச்சு விட்டாலே தலை ஓரிரு செ.மீ. அசையும். முழங்கையை விலாவோடு சேர்த்து, சுவரிலோ தூணிலோ சாய்ந்து நில்லுங்கள். முக்காலி இருந்தால் இன்னும் நன்று. வெளிச்சம் போதுமானால் துவாரத்தை எஃப் 5.6-க்குச் சுருக்குங்கள், அதே ஒரு மீட்டரில் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 13 செ.மீ. ஆகும். பின்புலம் பஞ்சுபோல் கரைய வேண்டும் என்னும் ஆசையால் முகத்தையே கரைத்துவிடாதீர்கள். ஒன்றுக்கு மூன்றாக எடுத்து, உடனே அங்கேயே பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். பிலிம் நாளில் நமக்கு இல்லாத வசதி இது. பாட்டி எதிரில் இருந்தபோது நான் செய்யத் தவறியதும் இதுவே.

தாத்தா இன்னும் இருக்கிறார். சென்ற ஆண்டு அதே திண்ணையில், அதே லென்ஸைக் கொண்டு அவரைப் படமெடுத்தேன். காமிராவை முக்காலியில் நிறுத்தி, பத்து மடங்கு பெரிதாக்கி, கருமணியில் தெரிந்த வாசற்படியின் சாயலைக் கண்டபின்பே பொத்தானை அழுத்தினேன். “இவ்வளவு நேரமா, சாமி?” என்று அவர் அலுத்துக்கொண்டார். அப்படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதனருகே பாட்டியின் படமும் இருக்கிறது, சிறிய அளவில். சிறிதாக அச்சிட்டால் மங்கல் அவ்வளவாகத் தெரியாது என்று மகனிடம் நான்தான் சொன்னேன்.

உங்கள் வீட்டுப் பெரியவரை வரும் ஞாயிறு மாலை சன்னல் ஓரத்தில் அமர்த்துங்கள். பீரோவிலிருந்து அந்த லென்ஸை எடுங்கள். தோட்டையன்று, கண்ணைப் பாருங்கள்.